தள்ளிப்போன தேதி

பழைய பேக்கப் ஒன்றை அழிக்காமல் வைத்திருந்ததற்காகப் பத்திரம் அக்காவை மேலாளர் தன் அறைக்குக் கூப்பிட்டிருந்தார்.

அந்த ஆஸ்பத்திரியின் கணினிப் பிரிவில் பேக்கப் வேலை முழுக்க அவள் பொறுப்பு. நோயாளிகளின் விவரங்கள் தினமும் இன்னொரு சர்வரில் நகலாகும். ஒவ்வொரு நகலுக்கும் காலாவதி தேதி உண்டு. தேதி முடிந்தால் அது தானாக அழிந்து, புதுசுக்கு இடம் விடும். யாரிடம் பேசினாலும் 'பத்திரமா வைங்க' என்று முடிப்பதால் அவளுக்கு அந்தப் பெயர்.

மேலாளர் வந்து மூன்று வாரம்தான் ஆகிறது. எதைப் பார்த்தாலும் வெட்டச் சொல்வதால் அதற்குள் அவருக்கும் 'கத்தரிக்கோல்' என்று பெயர் வைத்துவிட்டார்கள்.

அவர் கோபத்திலும் நியாயம் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை பேக்கப் இடமில்லாமல் பாதியில் நின்றுபோனது. அன்றைக்கு மெயின் சர்வரும் படுத்திருந்தால் ஆஸ்பத்திரியே முடங்கியிருக்கும். ஏன் என்று தேடினால், எட்டு வருஷத்துப் பழைய நகல் ஒன்று குத்துக்கல் மாதிரி உட்கார்ந்திருக்கிறது. அதன் காலாவதி தேதியை ஆறு மாதத்துக்கு ஒருமுறை யாரோ கையால் தள்ளிப் போட்டிருக்கிறார்கள். மொத்தம் பன்னிரண்டு தடவை. பன்னிரண்டும் அவள் லாகின்.

முதல் தடவை தள்ளிப் போட்ட அன்றே, அதிலிருந்து ஒரு பக்கம் பிரிண்டும் எடுத்திருக்கிறாள்.

நோயாளி விவரம் வெளியே போகிறது என்றே மேலாளர் முடிவுகட்டினார். சஸ்பென்ஷன் கடிதம் மேஜைமேல் தயாராக இருந்தது. கையெழுத்துதான் பாக்கி.

"யாருக்குக் கொடுத்தீங்க அந்தப் பக்கத்தை?"

"ஒரு அம்மாவுக்கு சார்."

பிறகு, தரையைப் பார்த்தபடியே சொன்னாள். அந்தப் பெண்ணுக்கு இங்கேதான் பிரசவம். குறைமாதக் குழந்தை, நாற்பது நிமிஷம்தான் உயிரோடு இருந்தது. போட்டோ எடுக்கவில்லை. இரண்டு வருஷம் கழித்து, ஏதாவது ஒரு அடையாளம் மிச்சமிருக்கிறதா என்று கேட்டு வந்தாள். கவுண்டரில் தேடிவிட்டு, அப்படி ஒரு குழந்தை இங்கே பிறக்கவே இல்லை என்று சொல்லிவிட்டார்கள். பிரிண்டர் சரிபார்க்கப் போயிருந்த அக்கா பக்கத்திலேயே நின்றிருந்தாள்.

கவுண்டரில் சொன்னதும் பொய்யில்லை. ஆஸ்பத்திரி புது சாஃப்ட்வேருக்கு மாறியபோது, பெயர் உள்ள பதிவுகளை மட்டும்தான் மாற்றினார்கள். அந்தக் குழந்தைக்குப் பெயர் வைக்க நேரமில்லை.

பிறந்த குழந்தையின் பாதத்தில் மை தடவி நர்ஸுகள் அட்டையில் ஒற்றி எடுப்பார்கள். அதன் ஸ்கேன் பழைய நகலில் இருந்தது. அதைத்தான் பிரிண்ட் எடுத்துக் கொடுத்திருக்கிறாள். கட்டைவிரல் நீளம்கூட இல்லாத இரண்டு பாதம். அந்தப் பெண் காகிதத்தை மடிக்கக்கூட மனசில்லாமல் இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு போனாளாம்.

"மேல கேட்டுச் செஞ்சிருக்கலாமே?"

"கேட்டேன் சார். காலாவதின்னா காலாவதிதான், அழிச்சிடுன்னாங்க. அதுக்கப்புறம் நான் யார்கிட்டயும் வாயைத் திறக்கலை."

மேலாளர் தண்ணீர் குடித்தார். சஸ்பென்ஷன் கடிதத்தை எடுத்து டிராயரில் போட்டார்.

"இருந்தாலும் நீங்க செஞ்சது தப்பு. இன்னொரு பேக்கப் இடமில்லாம நின்னா உயிர் போகும்."

"தெரியும் சார்."

அவரே கணினியில் இயக்குநருக்கு ஒரு கடிதம் அடித்தார். பெயர் வைக்காத ஒரு குழந்தையின் பதிவைத் தனியே எடுத்து நிரந்தர ஆவணத்தில் சேர்க்க அனுமதி வேண்டும், அதன்பின் பழைய நகலை அழித்துவிடலாம் என்று எழுதினார். அடித்து முடித்துத் திரையை அவள் பக்கம் திருப்பினார்.

"அந்த அம்மா திரும்ப வந்து கேட்டாலும் இனிமே கிடைக்கும். சரிதானே?"

அக்கா மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒவ்வொரு வரியாகப் படித்தாள். கண் நிறைந்திருந்தது. ஆனாலும் ஒரு இடத்தில் விரலை வைத்தாள்.

"இங்க 'ஒரு குழந்தை'ன்னு இருக்கு சார். அதை மட்டும் மாத்திடுங்க. பேர் வைக்காத குழந்தைங்க அதுல இருநூத்திப் பன்னிரண்டு இருக்கு. மத்த அம்மாங்க இன்னும் வந்து கேட்கலை, அவ்வளவுதான்."