தோல்காரர் தெரு

யூதன் என்று ஹூகோவின் அப்பாவை அடித்து நடுத்தெருவில் இழுத்துப் போட்டபோது, தோல்காரர் தெருவின் மாடிகளிலிருந்து கைதட்டினார்கள். அந்தச் சத்தத்தைக் காதில் சுமந்துகொண்டுதான் ஹூகோ எல்லை தாண்டினார். தஞ்சம் கொடுத்த நாட்டில் பத்திரிகைக்கு எழுதிப் பிழைத்தவரை, போர் வந்ததும் விமானப்படை கூப்பிட்டனுப்பியது. “உங்க ஊர்தானே, பீரங்கி ஆலை எங்க இருக்கு, காட்டுங்க” என்று அதிகாரி வரைபடத்தை விரித்து ஒரு சிவப்புப் பென்சிலை நீட்டினார். ஆலையைச் சுற்றி வட்டம் போட்டார் ஹூகோ. பென்சிலைத் திருப்பிக் கொடுக்கவில்லை. தோல்காரர் தெருவைச் சுற்றியும் ஒரு வட்டம் போட்டார், தாள் கிழிகிற அழுத்தத்தில்.

போர் முடிந்த பிறகு அவர் எழுதியதும் பேசியதும் சமாதானம் ஒன்றைத்தான். இருபது வருடம் கழித்து அதே ஊரில் மேடையேறி, இனி எந்தத் தலையிலும் குண்டு விழக்கூடாது என்று பேசி முடித்தபோது, பின்வரிசையில் ஒரு பெண் எழுந்தாள். பாதி முகம் உருகி இறுகியிருந்தது.

“நான் தோல்காரர் தெருக்காரி. அங்க ஆலையும் இல்ல, பட்டாளமும் இல்ல. என் ரெண்டு பிள்ளைங்களையும் ஒரே வாளியிலதான் அள்ளுனேன். எங்க தெருவுல ஏன் போட்டாங்க? பத்திரிகைக்காரர் நீங்க, உங்களுக்குத் தெரிஞ்சிருக்குமே?”

ஹூகோவின் வாய் கோணியது. கண்ணீர் கொட்டியது. அவள் மனமிரங்கினாள். “விடுங்க, அழாதீங்க. உங்களுக்கு எப்படித் தெரியும்?” என்று சொல்லி, விரல்கள் ஒட்டிப்போன கைகளைத் தட்டினாள். அரங்கமே எழுந்து தட்டியது.

“நான்தான் வட்டம் போட்டேன்!” என்று ஹூகோ கத்தினார். கைதட்டலில் அது அவர் காதுக்கே எட்டவில்லை.