தொட்டியில் மிஞ்சியவை

“எம் புள்ள கண்ண மூடினப்புறம் அவன் ஞாபகமா மிஞ்சினதே இந்த இறாலுங்கதான். அதையும் உன் பிளெக்கோ மீன் தின்னு தீர்த்துடுச்சு!”

மீன் தொட்டியின் அடியில் கிடந்த வெற்று ஓடுகளைக் காட்டினார் மாமனார்.

“அது பாசிதான் மாமா திங்கும்...”

“எதிர்த்துப் பேசுறவளுக்கு இந்த வீட்டுல இடமில்ல.”

மருமகள் மீனை வாளியில் எடுத்துக்கொண்டு பிறந்த வீட்டுக்குப் போய்விட்டாள்.

மறுநாள் புது இறால் வாங்கப் போனவரிடம் கடைக்காரர் சிரித்தார். “வெறும் ஓடா? அது சட்டை உரிச்சிருக்கும் சார். புது ஓடு இறுகுற வரைக்கும் எங்கயாவது ஒளிஞ்சிருக்கும்.”

வீட்டுக்கு வந்து தொட்டி விளக்கைப் போட்டார். கல்லிடுக்கிலிருந்து இறால்கள் ஒவ்வொன்றாக வெளியே வந்தன.

“என்னங்க, ஏதாவது உசிரோட இருக்கா? இருந்தா அவளை அழைச்சிட்டு வந்துடலாம்” என்றாள் மனைவி, சமையலறையிலிருந்து.

சொன்ன சொல்லைத் திரும்ப வாங்கும் வழக்கம் அந்தப் பரம்பரையில் இல்லை.

“ஒண்ணுமில்ல” என்றவர், விளக்கை அணைத்தார்.