நூறு வருஷத்து வானவில்

அயோவா நாணயச் சங்கத்து லெஸ்டர் பூதக்கண்ணாடியை எடுத்ததும் மார்லீன் வீட்டு மேசைமேல் கிடந்த காசைப் பார்க்காமல் ஜன்னலைப் பார்த்தாள். கணவன் ஓடிஸ் பொத்திப் பொத்தி வைத்திருந்த 1881ஆம் வருஷத்து வெள்ளி டாலர் அது.

"நீலமும் ஊதாவுமா கிடக்கே, கெட்டுப்போச்சா?" என்றான் ஓடிஸ்.

"யோவ், இது வானவில்லுய்யா! இருட்டுல நூறு வருஷம் கிடந்தாத்தான் இந்த நிறம் வரும். நாப்பது டாலர் பெறுற காசு நானூறுக்குப் போகும்!" என்றான் லெஸ்டர்.

"கேட்டியா மார்லீன்? நூறு வருஷம்!"

"கேட்டுது."

போன வாரம் அவள் தூசி தட்டியபோது அந்தக் காசு உருண்டோடி, சர்ச் விருந்துக்கு அவித்து வைத்த முட்டை டப்பாவுக்குள் விழுந்தது. அவள் அதைக் கண்டெடுக்க இரண்டு நாளாயிற்று. வெள்ளையாய் விழுந்த காசு, முட்டையின் கந்தகம் பட்டு நீலமும் ஊதாவுமாய் வெளியே வந்தது.

"மிச்சம் இருக்கிற பன்னிரண்டு வெள்ளிக் காசையும் காட்டட்டுமா?" என்றான் ஓடிஸ்.

"அவசரப்படாதே. லெஸ்டர் வியாழக்கிழமை திரும்ப வரட்டும்" என்று மார்லீன் கைப்பையை எடுத்தாள். "நான் போய் முட்டை வாங்கிட்டு வரேன்."