மியூசியம் போன்

"உட்காருங்கப்பா, உட்காருங்க! பேச்சை நிறுத்துங்க!"

சொன்ன டீம் லீடர் மட்டும் உட்காரல. கால்ல வெந்நீர் கொட்டின மாதிரி அறையைச் சுத்திச் சுத்தி வந்தார். ஆபீஸ்ல அவருக்குப் பேரே 'பரபரப்பு'.

இருக்காதா பின்னே? மாத்திரை வேளைக்கு மணி அடிச்சு ஞாபகப்படுத்துற ஆப். புது வெர்ஷன் சாயங்காலம் வெளிய போயாகணும். மேஜை பூரா டெஸ்ட் பண்ற போன்.

"புது போன்லாம் என்னாச்சு?"

"கணீர்னு அடிக்குதுண்ணே," என்றான் டெஸ்ட் பண்ற பையன் 'குண்டு'.

"பழசு?"

"அதுலயும் ஓடுது. ஆனா எல்லாத்தையும் அழிச்சு, சார்ஜ் ஃபுல்லா ஏத்திட்டுல்ல பார்த்தோம்? ஜனங்க போன் அப்படியா இருக்கும்? போட்டோவா ரொம்பி வழியும், சார்ஜ் உயிரை விட்டுக்கிட்டுக் கெடக்கும். பழைய வெர்ஷன் மேலயே புதுசை ஏத்தி ஒருவாட்டி பார்த்துடலாம்ணே."

"அடேய், அந்த ஓட்டை போனை இன்னிக்கு எவன்டா வச்சிருக்கான்? மியூசியத்துல வை! நேத்தே என் வீட்ல எல்லார் போன்லயும் ஏத்திட்டேன். ஒரு புகார் வந்துச்சா?"

அவர் பாக்கெட் துடிச்சுது. எடுத்துப் பார்த்தார். "இது வேற, காலையிலேர்ந்து!" கட் பண்ணார்.

ரெண்டு சுத்து சுத்தறதுக்குள்ள மூலையில உதவி நம்பர் போன் அடிச்சுது. எடுத்தது 'வாய்ப்பூட்டு'ன்னு பேர் வாங்கின பொண்ணு. ஒரு நாளைக்கு நாலு வார்த்தை பேசினா அதிசயம். அவ இன்னிக்குச் சிரிச்சுக்கிட்டே கிசுகிசுன்னு பேசினா.

"சாப்ட்டீங்களா? ம்ம்... நான் இருக்கேன்ல, பயப்படாதீங்க... உடம்பைப் பார்த்துக்கோங்க..."

பரபரப்புக்கு வந்துச்சே கோபம்! குரலைக் குழைச்சு, கழுத்தை ஒடிச்சு, அவளை மாதிரியே பேசிக் காட்டினார்.

"'சாப்ட்டீங்களாஆ? நான் இருக்கேன்லஅ...' இங்க என் தலை பத்தி எரியுது, அம்மணிக்கு ஆபீஸ் போன்ல கொஞ்சலா? யாரும்மா அந்த மவராசன்?"

அறையே கொல்லுன்னு சிரிச்சுது.

வாய்ப்பூட்டு போனை உள்ளங்கையால மூடினா.

"உங்கம்மாண்ணே. மியூசியம் போன்லேர்ந்துதான் பேசுறாங்க. நேத்து நீங்க புதுசை ஏத்தினதுலேர்ந்து மாத்திரை மணியே அடிக்கலையாம். நீங்கதான் கட் பண்ணிக்கிட்டே இருக்கீங்களே... அதான், புகாரை எங்கிட்ட சொல்றாங்க."