டிராகனின் பலம்

மார்ச் 9. இன்று ஒரு சின்னத் தப்பு. டிராகனின் பலத்தை இருபது என்று எழுதிவிட்டேன். ஆட்டத்தில் அக்கா ஏற்கும் திருடி முதல் நாளே செத்துவிடுவாள்.

மாலையில், வகுப்பு நோட்டின் பின்பக்கத்தில் இப்படி எழுதிவிட்டு, தம்பி இருபதை அடித்துப் பன்னிரண்டாக்கினான். அக்காவுக்கு உயிரான ஏழு நாவல்களை வைத்து, பகடை உருட்டி, ஆளுக்கொரு பாத்திரமாகப் பேசி ஆடும் ஆட்டம் அது. கதையை நடத்துபவன் அவன். ஆடுபவர்கள் அக்காவும் அவளுடைய இரண்டு தோழிகளும்.

அக்கா எட்டிப் பார்த்தாள். "ஏன்டா மாத்துற? இருபதே இருக்கட்டும்."

"உன் திருடி மொத நாளே போயிடுவாக்கா."

"போகட்டும். திருடிதானே."

"லூசா நீ? இது பத்து வாரக் கதை. மிச்ச ஒன்பது வாரமும் உக்காந்து வேடிக்கை பார்ப்பியா?"

"ஆமா. நான் இல்லாம நீங்க மூணு பேரும் எப்படி ஆடுறீங்கன்னு, நான் இருக்கும்போதே பார்த்துடணும்டா."

பேனா நின்றுவிட்டது. அக்காவுக்கு டாக்டர் சொன்ன கெடு மூன்று மாதம். அதற்குள் முடியத்தான் ஏழு நாவல்களையும் பத்து வாரத்தில் அடக்கியிருந்தான். அந்தக் கெடு அவளுக்குத் தெரியாது என்றே வீட்டில் எல்லோரும் நம்பிக்கொண்டிருந்தார்கள்.

அவள் அறையை விட்டுப் போன பிறகு கடைசி வரியை எழுதினான்.

நாளைய வேலை: டிராகனின் பலத்தை மறுபடி இருபதாக்க வேண்டும்.