கண் சிமிட்டும் சாட்சி

"எல்லாம் கேமராவில் பதிவாகியிருக்கு. இவன் அன்னைக்கு இந்தப் பக்கமே வரல" என்றார் மூன்றாம் மாடிக்காரர்.

என் சூப்பர்வைசர் என்னைத் திரும்பிப் பார்த்தார். அது நல்ல பார்வை இல்லை.

வீடு வீடாகப் பார்சல் கொண்டுபோய்க் கொடுக்கிற இந்த வேலையில் எனக்கு இது மூன்றாவது புகார். முதல் இரண்டும் நாயால் வந்தது. நாய் கடித்தது பார்சலை. திட்டு விழுந்தது எனக்கு. இதுவும் உறுதியானால் ஸ்கூட்டர் சாவியைக் கொடுத்துவிட்டு நடையைக் கட்ட வேண்டியதுதான். வீட்டில் ஆறு மாதக் கைக்குழந்தை. 

காணாமல் போனது ஒன்றும் பெரிய பொக்கிஷம் இல்லை. குக்கர் கேஸ்கட். அவர் மனைவி, அந்த வீட்டு அக்கா, ஆர்டர் போட்டது. ஒரு வாரமாகக் குக்கர் விசில் அடிக்கவில்லையாம். அந்த ஆவியெல்லாம் அக்காவின் தலைக்கு ஏறியிருந்தது.

சாட்சிக்காரன் காலில் விழுவதைவிடச் சண்டைக்காரன் காலில் விழுவது மேல் என்பார்கள். நான் சாட்சியை அண்ணாந்து பார்த்தேன். வாசல் நிலைக்கு மேலே அந்தக் கேமரா அது பாட்டுக்குச் சிவப்பு விளக்கைச் சிமிட்டிக்கொண்டிருந்தது.

அதை எனக்குத் தெரியும். நன்றாகவே தெரியும்.

இரண்டு மாதத்துக்கு முன்னால் அதைக் கொண்டுவந்தவனே நான்தான். மாடிக்கு வராதே என்று போனில் சொல்லிவிட்டு, தெருமுனைக்கே ஓடி வந்து வாங்கிக்கொண்டார் மனுஷன். பெட்டிமேல் கொட்டை எழுத்தில் ஒரு தாள் ஒட்டியிருந்தது: 'போலி கேமரா. படம் பிடிக்காது. பேட்டரி விளக்குக்கு மட்டும்.' அந்தத் தாளை நகத்தால் சுரண்டிச் சுரண்டிக் கிழித்துப் போட்டுவிட்டுத்தான் வீட்டுப் பக்கம் திரும்பினார்.

அன்றைக்குப் பிடித்தது அவருக்கு யோகம். ஆபீசில் உட்கார்ந்தபடியே வாசலில் நடப்பதையெல்லாம் போனில் பார்க்கிறாராம். அக்காவும் அப்படியே நம்பிவிட்டார். நான் பார்சலோடு போகும்போதெல்லாம், "தம்பி, முடியச் சரிபண்ணிக்க, சார் பாத்துக்கிட்டிருப்பார்" என்பார். நானும் மேலே பார்த்து முடியைச் சரிபண்ணிக்கொள்வேன். நமக்கெதற்கு ஊர் வம்பு!

இன்றைக்கு அந்த வம்பு என் கழுத்தில் வந்து விழுந்திருக்கிறது.

வந்தேன், வரவில்லை என்று நான் வாதாடவே இல்லை. கையைக் கட்டிக்கொண்டு பணிவாக ஒன்றே ஒன்று சொன்னேன்.

"அந்த வீடியோவப் போட்டுக் காட்டுங்க சார். பாத்துட்டு நானே சாவியக் குடுத்துட்டுப் போயிடறேன்."

அவர் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே! திருடனுக்குத் தேள் கொட்டின மாதிரி. கத்தவும் முடியாது, சும்மா நிற்கவும் முடியாது. போனை எடுத்தார். சட்டையில் துடைத்தார். சிக்னல் இல்லை என்றார். சூப்பர்வைசர் நல்ல மனுஷன், தன் போனிலிருந்து நெட் தருகிறேன் என்று நீட்டினார். பாஸ்வேர்ட் மறந்துவிட்டது என்றார்.

"நேத்து எங்கண்ணன் வந்தத மட்டும் பாத்தேன்னீங்களே, அப்ப மறக்கலையா? போடுங்க!" என்றார் அக்கா, இடுப்பில் கைவைத்து.

மூன்றாம் மாடிக்காரர் என்னைப் பார்த்தார். நான் கேமராவைப் பார்த்தேன். பார்த்து, முடியைச் சரிபண்ணிக்கொண்டு, லேசாகச் சிரித்தேன். அவ்வளவுதான். அவருக்குத் தெருமுனை ஞாபகம் வந்துவிட்டது.

"இருங்க, இருங்க. அந்தச் சின்னப் பார்சலா? அது... நான்தான் வாங்கி எங்கயோ வெச்சுட்டேன் போல."

"எங்க?" என்று அக்கா கேட்டது தரைத்தளம் வரை கேட்டிருக்கும்.

சூப்பர்வைசர் புகார்த் தாளை நீட்டினார். 'பார்சல் கிடைத்தது' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார் மூன்றாம் மாடிக்காரர். பொய்யன் என்று பெயர் எடுப்பதைவிட மறதிக்காரன் என்று பெயர் எடுப்பது தேவலை என்று முடிவுகட்டிவிட்டார். எனக்கே பாவமாக இருந்தது.

நாங்கள் படி இறங்கும்போது மேலே அலமாரிகள் திறந்து மூடுகிற சத்தம் கேட்டது. நடுநடுவே அக்காவின் குரல்.

"உன்னப் போய்ச் சந்தேகப்பட்டேனே" என்று தோளில் தட்டிக்கொடுத்தார் சூப்பர்வைசர். ஒரு டீயும் வாங்கிக் கொடுத்துவிட்டுப் பஸ் ஏறிப் போனார்.

அவர் தலை மறைந்ததும் ஸ்கூட்டர் சீட்டைத் தூக்கினேன்.

மழைக்கோட்டுக்கு அடியில், வைத்த இடத்தில் அப்படியே இருந்தது குக்கர் கேஸ்கட்.

போன வாரம் பெய்த மழையில் பை நனைகிறதே என்று இதை மட்டும் தனியாக இங்கே செருகியிருக்கிறேன். சாயங்காலம் பார்த்தால் பை காலி. பை காலி என்றால் எல்லாம் கொடுத்தாயிற்று என்றுதானே அர்த்தம்? வரிசையாக 'கொடுத்தாச்சு', 'கொடுத்தாச்சு' என்று போனில் அழுத்திவிட்டேன். இன்று காலையில்தான் கண்ணில் பட்டது. அந்த நேரம் பார்த்து, கிளம்பலாமா என்று சூப்பர்வைசர் பக்கத்தில் வந்து நின்றார். சீட்டைப் பட்டென்று மூடிவிட்டேன்.

மத்தியானம் அந்த வீட்டில் கண்ணயர்கிற நேரமாகப் பார்த்து மறுபடி மாடி ஏற வேண்டும். செருப்பு ஸ்டாண்டுக்குப் பின்னால் வைத்துவிட்டால் போதும். பாவம், அவரே கண்டுபிடித்து மானத்தைக் காப்பாற்றிக்கொள்வார்.

பதுங்கிப் பதுங்கிப் போகிற வேலையெல்லாம் இல்லை. கேமராவுக்கு நேராகவே நிற்பேன். முடியை மட்டும் சரிபண்ணிக்கொள்வேன்.