நான்காவது டீ

படகுக் கொட்டகையில் இருந்தவர்கள் நான், தச்சர், அண்ணி. அவ்வளவுதான். அண்ணன் கடலில் காணாமல் போனான். அவனுடைய பழைய பாய்மரப் படகு மட்டும் ஆளில்லாமல் கரை ஒதுங்கியது. அவன் நினைவாக அதைப் பலகை பலகையாகப் புதுப்பித்தவன் நான். அன்று காலை உள்ளறைத் தரைக்கு வார்னிஷ் அடித்தபடியே பின்பக்கமாக நகர்ந்து வெளியே வந்திருந்தேன். உள்ளே ஓர் ஈகூடக் கிடையாது.

அண்ணி நான்கு டீ கொண்டுவந்தாள்.

"ஒண்ணு அதிகமா இருக்கே அண்ணி?"

"இருக்கட்டும் தம்பி."

"ஆறிடப்போகுதும்மா. அவருக்குச் சூடா இருந்தாத்தான் பிடிக்கும்" என்றார் தச்சர்.

அண்ணி படகில் ஏறி உள்ளறைக்குள் இறங்கினாள். ஈர வார்னிஷில் அவள் கால்தடமே விழவில்லை.

"தம்பி இன்னும் அழறானா?" அண்ணனின் குரல்தான்.

"அழுதாத்தானே ஒழுங்கா வேலை செய்யறாரு" என்று சிரித்தபடி அண்ணி கதவைச் சாத்தி உள்ளே தாழிட்டாள்.